பழைய காமிக்ஸ் கலெக்‌ஷனுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? புயல் கரையோர மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விவரங்கள்

2022 டிசம்பர் 9-ம் தேதி நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன் 2015 டிசம்பர் வெள்ளம், 2016-ல் வர்தா. அடுத்து 2023-ல் மிக்ஜாம். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்கள் என்றாலே ஒரு பதற்றம்தான். ஒவ்வொரு முறையும் மழை விட்டதும் சேதக் கணக்கு எடுக்கப்படும். படகு, வலை, கூரை, டிவி, ஃபிரிட்ஜ், பைக் என்று பட்டியல் நீளும்.

அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு பொருள் உண்டு. பரணிலோ, கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியிலோ 30, 40 வருஷமாகச் சேர்த்து வைத்த காமிக்ஸ் புத்தகங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு அது 'பழைய பேப்பர்'. சேகரிப்பவர்களுக்கோ திரும்பக் கிடைக்காத சொத்து. நனைந்து போனால் இன்சூரன்ஸ் நிறுவனம் இதில் எந்தக் கணக்கில் பணம் தரும்? பழைய பேப்பர் கணக்கிலா, சொத்துக் கணக்கிலா? அதைத் தீர்மானிப்பது புயலுக்குப் பிறகு நடக்கும் வாக்குவாதம் அல்ல. புயலுக்கு முன்பே பாலிசியில் எழுதப்பட்ட வரிகள்தான்.

இந்தப் புத்தகங்களுக்கு அப்படி என்ன மதிப்பு?

சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் வெளிவரத் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் வந்த கதையின் தமிழ் வடிவம் அது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005 வரை வெளிவந்தது. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ் 1964-ல் தொடங்கி 1990-ல் நின்றது. அமர் சித்ர கதா 1967-ல் ஆரம்பமானது.

இவை அனைத்தும் பெட்டிக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் சில்லறைக் காசுக்கு விற்றவை. படித்தார்கள், நண்பர்களுக்குக் கொடுத்தார்கள், கடைசியில் எடைக்குப் போட்டார்கள். அதனால்தான் அட்டை கிழியாமல், பக்கம் குறையாமல் தப்பித்த பிரதிகள் குறைவு. குறைவாக இருப்பதால்தான் விலையும் கூடுகிறது. அட்டையில் அச்சான விலைக்கும் சேகரிப்பாளர்கள் இன்று கொடுக்கும் விலைக்கும் சம்பந்தமே இருக்காது.

உலக அளவில் இதன் உச்சம் அமெரிக்காவில் இருக்கிறது. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-ல் 10 சென்ட் விலைக்கு வந்தது. அதில் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

தமிழ் காமிக்ஸ் அந்த உயரத்தில் இல்லை. ஆனால் விதி ஒன்றுதான்: ஒரு பழைய இதழின் மதிப்பு அதன் காகிதத்தில் இல்லை, அது எந்தப் பதிப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

வீட்டு இன்சூரன்ஸில் காமிக்ஸ் வருமா?

இந்தியாவில் வீடுகளுக்கான பொதுவான பாலிசி 'பாரத் கிருஹ ரக்‌ஷா'. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த இந்தப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றே.

இந்தப் பாலிசி வீட்டுப் பொருட்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது.

முதலாவது, பொதுவான பொருட்கள். கட்டில், பீரோ, டிவி, துணிமணி, சமையலறைச் சாமான் போன்றவை. கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, இவற்றுக்கும் தனிப் பட்டியல் கொடுக்காமலே பாதுகாப்பு சேரும். உதாரணத்துக்கு, கூடுவாஞ்சேரியில் ஒருவர் தன் வீட்டை 30 லட்சத்துக்கு இன்சூர் செய்திருந்தால் பொருட்களுக்கு 6 லட்சம். 60 லட்சத்துக்குச் செய்திருந்தால் கணக்குப்படி 12 லட்சம் வரும். ஆனால் உச்சவரம்பு 10 லட்சம்தான். பொருட்களுக்கான பிரிவு உங்கள் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மதிப்புமிக்க பொருட்கள். நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம், கலைப்பொருள், பழம்பொருள், அரிய பொருள், 'இது போன்ற தன்மையுள்ளவை' என்று பாலிசி சொல்கிறது. இதற்குத் தானாகப் பாதுகாப்பு கிடைக்காது. கேட்டு வாங்கணும்.

காமிக்ஸ் இதில் எங்கே வருகிறது? இரண்டிலுமே அதன் பெயர் இல்லை. இங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது.

10 ரூபாயா, 10 ஆயிரம் ரூபாயா?

பொதுவான பொருள் சேதமானால், அதற்குப் பதில் அதே போன்ற ஒன்றை வாங்க என்ன செலவாகும் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. டிவிக்கு இது சரியாக வரும். 43 இன்ச் டிவி போனால் அதே தரத்தில் இன்னொரு 43 இன்ச் டிவி. பிரச்னை இல்லை.

காமிக்ஸுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? 'இரும்புக்கை மாயாவி' கதை மறுபதிப்பாகவும் வந்திருக்கிறது. "கதை அதேதானே, மறுபதிப்பை வாங்கிக்கொள்ளலாமே" என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கலாம். படிப்பவருக்கு அது நியாயமான கேள்வி. 1972 பிரதியைப் பொக்கிஷமாக வைத்திருந்தவருக்கு அது இழப்பீடே அல்ல.

சர்வேயரைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. அவர் முன்னால் இருப்பது ஈரத்தில் ஊறி ஒட்டிப்போன காகிதக் கட்டு. அது நேற்று வரை எந்த நிலையில் இருந்தது, எந்தப் பதிப்பு, யார் என்ன விலை கொடுப்பார்கள் என்பதற்கு அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. அந்த ஆதாரத்தைத் தர வேண்டியது சொந்தக்காரர்தான்.

தீர்வு: 'ஒப்புக்கொண்ட மதிப்பு'

மதிப்புமிக்க பொருட்கள் பிரிவின் சிறப்பே இதுதான். பாலிசி எடுக்கும்போதே நீங்களும் நிறுவனமும் ஒரு தொகையை ஒப்புக்கொண்டு எழுதிவிடுகிறீர்கள். பொருள் முழுதாக அழிந்தால் அந்தத் தொகையின் அடிப்படையில்தான் இழப்பீடு. அப்போதைய சந்தை விலை என்ன, மறுபதிப்பு கிடைக்குமா என்ற விவாதத்துக்கு இடம் குறைவு.

இதில் ஒரு முக்கியமான சலுகையும் இருக்கு. இந்தப் பிரிவில் மொத்தத் தொகை 5 லட்சம் ரூபாய்க்குள், தனி ஒரு பொருளின் மதிப்பு 1 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கட்டாயமில்லை. பெரும்பாலான தமிழ் காமிக்ஸ் சேகரிப்பாளர்கள் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுவார்கள்.

அதற்கு மேல் போனால் சான்றிதழ் தேவை. நகைக்கு மதிப்பீட்டாளர் ஊருக்கு ஊர் உண்டு. காமிக்ஸுக்கு அப்படி யாரும் எளிதில் கிடைக்க மாட்டார்கள். அதனால் யாருடைய சான்றிதழை ஏற்பார்கள் என்று நிறுவனத்திடமே முன்கூட்டி எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம்: காமிக்ஸ் என்ற பெயர் பாலிசியில் இல்லாததால், 'அரிய காமிக்ஸ் புத்தகத் தொகுப்பு, பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது' என்ற வரி பாலிசி ஆவணத்தில் ஏற வேண்டும். ஏஜென்ட் வாயால் "அதெல்லாம் வரும் சார்" என்று சொன்னால் போதாது. எழுத்தில் இல்லாதது கிளெய்ம் நேரத்தில் செல்லாது. ஒரு நிறுவனம் இதை ஏற்க மறுத்தால் இன்னொரு நிறுவனத்தை அணுகலாம்.

ஓவியர் வரைந்த மூலப் படம் இருந்தால் கவனம்

சிலர் அச்சான புத்தகத்தோடு, ஓவியர் கையால் வரைந்த அட்டைப்பட மூலத்தையும் வாங்கி வைத்திருப்பார்கள். கதையின் கையெழுத்துப் பிரதி வைத்திருப்பவர்களும் உண்டு. இதே பாலிசியின் விலக்குகள் பட்டியலில் கையெழுத்துப் பிரதிகள், வரைபடங்கள், ஆவணங்கள் ஆகியவை இடம்பெறுகின்றன. பாலிசியில் வெளிப்படையாகச் சேர்த்து எழுதியிருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

ஓவியம் என்றால் மதிப்புமிக்க பொருள். வரைபடம் என்றால் விலக்கு. காமிக்ஸ் மூலப் படம் இரண்டில் எது? இந்தக் குழப்பத்தை நிறுவனத்தின் முடிவுக்கு விடாமல், 'சேகரிப்புக்கான மூல ஓவியம்' என்று தனி வரியாகப் பதிவு செய்வதே பாதுகாப்பு.

எதற்குப் பணம் கிடைக்கும்?

பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசி இவற்றால் வரும் சேதத்தை ஏற்கிறது:

- தீ, மின்னல், வெடிப்பு
- புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல்
- நிலநடுக்கம், சுனாமி, நிலச்சரிவு
- தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடித்து வழிதல்
- கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் நாசம்
- பயங்கரவாதச் செயல்

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் கரைக்கும், அடையாறு பெருகினால் தத்தளிக்கும் முடிச்சூருக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும். மொட்டைமாடி டேங்க் வெடித்து பரணில் தண்ணீர் இறங்கினாலும் கேட்கலாம்.

எதற்குக் கிடைக்காது?

கடற்கரைக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இது. காமிக்ஸை அழிப்பது எப்போதும் புயல்தான் என்றில்லை. பல வீடுகளில் அது மெதுவாக நடக்கும் வேலை.

உப்புக் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிப்பது, ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்று வருவது, சுவரோர அலமாரியில் கரையான் ஏறுவது, ராமபாணப் பூச்சி அரிப்பது, எலி கடிப்பது, நியூஸ்பிரின்ட் காகிதம் தானாகப் பழுப்பேறி நொறுங்குவது. இவையெல்லாம் மேலே உள்ள பட்டியலில் எங்குமே இல்லை. திடீரென்று நடக்கும் விபத்துக்குத்தான் இன்சூரன்ஸ். பராமரிப்புக் குறைவுக்கு அல்ல.

இன்னொரு விலக்கையும் கவனிக்கணும். ஒரு பொருளைச் சரிசெய்த பிறகு அதன் சந்தை மதிப்பு குறைந்தால், அந்தக் குறைவுக்குப் பாலிசி பொறுப்பேற்காது. சேகரிப்புப் பொருளுக்கு இது பெரிய அடி. அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய சிஜிசி நிறுவனம் காமிக்ஸ்களுக்கு 10 மதிப்பெண் வரை தரம் கொடுக்கிறது. ஓர் ஈரக்கறையோ மடிப்போ அந்த மதிப்பெண்ணைக் குறைத்துவிடும், விலையும் சரியும். புத்தகம் முழுதாக அழியாமல், அட்டையில் கறை மட்டும் ஏறினால் எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று பாலிசி எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

திருடு போனால்?

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அடிப்படைப் பாலிசியில் சாதாரண வீட்டுத் திருட்டு வராது. மேலே சொன்ன புயல், வெள்ளம், தீ போன்ற சம்பவம் நடந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே வரும். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போன நேரத்தில் நடந்தால் கேட்கலாம். சும்மா ஒரு நாள் பூட்டை உடைத்தார்கள் என்றால் கேட்க முடியாது. அதற்கு வீட்டுக் கொள்ளைக்கான கூடுதல் பாதுகாப்பை அல்லது தனிப் பாலிசியைச் சேர்க்க வேண்டும்.

ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜ் வீட்டில் இருந்து 2000-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் திருடு போனது. 11 ஆண்டுகள் கழித்து 2011-ல் கலிஃபோர்னியாவில் ஒரு சேமிப்புக் கிடங்கில் கிடைத்தது. அதே ஆண்டு 21.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது அவருடைய பிரதிதான் என்று உறுதி செய்ய முடிந்தது. ஒவ்வொரு பழைய புத்தகத்துக்கும் தனக்கென ஓர் அடையாளம் உண்டு: அட்டையின் ஒரு மடிப்பு, ஒரு கறை, கடைக்காரர் முத்திரை, பழைய சொந்தக்காரர் எழுதிய பெயர். அதைப் படம் எடுத்து வைத்திருப்பவர்களுக்கே அது உதவும்.

ஒரு விஷயம்: கிளெய்ம் பணம் வாங்கிய பிறகு திருட்டுப் பொருள் கிடைத்தால், அதன் மீது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் உரிமை வரும். கிடைத்ததை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

வாடகை வீடு, பீச் ஹவுஸ், ஆன்லைன் விற்பனை

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கட்டடத்துக்குப் பாலிசி எடுக்க வேண்டியதில்லை. பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். மறைமலை நகர், வண்டலூர், கேளம்பாக்கம் என்று வேலைக்காக வாடகைக்கு இருப்பவர்கள் வீடு மாறினால் புதிய முகவரியைப் பாலிசியில் மாற்றிவிடணும். பழைய முகவரிக்கு எடுத்த பாலிசி புது வீட்டுப் புத்தகத்தைக் காப்பாற்றாது.

ஈசிஆர் ஓரத்தில் வார இறுதிக்கு மட்டும் போகும் வீட்டில் சேகரிப்பை வைத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு என்ன நிபந்தனை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையில் பருவமழை மாதங்களில் அங்கே வைக்காமல் இருப்பதே நல்லது.

வாங்கி விற்பது தொழிலாக மாறிவிட்டால் அது வீட்டுப் பொருள் அல்ல, வியாபாரச் சரக்கு. சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்‌ஷ்ம உத்யம் சுரக்‌ஷா' என்ற தனிப் பாலிசி இருக்கிறது. ஓர் இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்கானது அது. வீட்டுப் பாலிசியை வைத்துக்கொண்டு வியாபாரச் சரக்குக்கு கிளெய்ம் கேட்டால் நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

கூரியரில் அனுப்பும்போது தொலைவதும், புத்தகக் கண்காட்சிக்கு எடுத்துப் போன இடத்தில் சேதமாவதும் பொதுவாக வீட்டுப் பாலிசியில் வராது. விலை உயர்ந்த இதழை அனுப்பும்போது அந்தப் பார்சலுக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும்.

பேங்க் லாக்கரில் வைத்தால் கவலை இல்லையா?

ரிசர்வ் வங்கி விதிகளின்படி, 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு, ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 3 லட்சம்.

ஆனால் வெள்ளம், மின்னல், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு வங்கி பொறுப்பல்ல. தரைத்தளத்தில் இருக்கும் லாக்கரில் வெள்ளம் புகுந்தால் பணம் கேட்க முடியாது. காற்றோட்டமில்லாத லாக்கரில் ஈரம் சேர்ந்தால் காகிதத்துக்கு அதுவும் ஆபத்து. நாலைந்து மிக அரிய இதழ்களுக்கு லாக்கர் சரி. முழுத் தொகுப்புக்கும் அது தீர்வாகாது.

பட்டியல் தயாரிப்பது எப்படி?

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும். பெரும்பாலான சேகரிப்புகளுக்கு இந்த வேலை முடிஞ்சிடும்.

- ஒவ்வொரு இதழுக்கும் ஒரு வரி: பதிப்பகம், தலைப்பு, இதழ் எண், ஆண்டு, முதல் பதிப்பா மறுபதிப்பா.
- நிலை: பக்கம் குறைவா, அட்டை இருக்கிறதா, கிழிசல், கறை, எழுத்து ஏதும் உண்டா. உள்ளதை உள்ளபடி எழுதணும். மிகைப்படுத்தினால் பிறகு அதுவே எதிராகும்.
- படம்: முன் அட்டை, பின் அட்டை, பதிப்பு விவரம் உள்ள பக்கம், அடையாளக் குறி. விலை உயர்ந்தவற்றுக்குத் தனித்தனியாக. மற்றவற்றுக்கு அலமாரி வாரியாக ஒரு வீடியோ.
- வாங்கிய ஆதாரம்: பில், யுபிஐ பரிவர்த்தனை, விற்றவருடன் நடந்த உரையாடல்.
- மதிப்புக்கு ஆதாரம்: அதே இதழ், ஏறக்குறைய அதே நிலையில், உண்மையில் விற்ற விலை. 'இவ்வளவு கேட்கிறார்கள்' என்ற விளம்பர விலை ஆதாரம் ஆகாது.

இந்தப் பட்டியலை அதே வீட்டில் நோட்டில் எழுதி வைத்தால் அதுவும் சேர்ந்து நனையும். மின்னஞ்சலில் ஒன்று, வெளியூர் உறவினரிடம் ஒன்று என வைக்கலாம். பாலிசியோடு இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதலும் வாங்குங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும்.

புத்தகம் நனைந்துவிட்டது. முதலில் என்ன செய்யணும்?

ஈரக் காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். அதனால் சர்வேயர் வரட்டும் என்று அப்படியே விட்டு வைக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது.

முதலில் அதே இடத்தில், அதே நிலையில் படமும் வீடியோவும் எடுங்கள். தண்ணீர் ஏறிய உயரம் சுவரில் தெரிந்தால் அதையும் எடுங்கள். உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி புகார் எண் வாங்குங்கள்.

அடுத்து காப்பாற்றும் வேலை. ஒட்டியிருக்கும் பக்கங்களைப் பிய்க்க வேண்டாம். லேசாக நனைந்ததை நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து உலர்த்தலாம். வெயிலில் போட்டால் காகிதம் நெளிந்து நிறம் போகும். அயர்ன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எண்ணிக்கை அதிகம் என்றால், பிளாஸ்டிக் பையில் தனித்தனியாகப் போட்டு ஃப்ரீசரில் வைப்பது ஆவணக் காப்பகங்களும் பின்பற்றும் முறை. பூஞ்சை வளர்வது நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். பளபளப்பான அட்டை உள்ள இதழ்கள் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு முதல் கவனம் கொடுக்கணும்.

முழுதாகப் போனதையும் சர்வேயர் பார்க்கும் வரை ஒரு பெட்டியில் எடுத்து வையுங்கள்.

கிளெய்ம் இழுத்தடித்தால்?

ஐஆர்டிஏஐ 2024-ல் வெளியிட்ட விதிகளின்படி, கிளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். அவர் 15 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும்.

தாமதமோ நிராகரிப்போ என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அடுத்து ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளம், அல்லது 155255 என்ற கட்டணமில்லா எண். அதிலும் தீராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அங்கே கட்டணம் இல்லாமல், வழக்கறிஞர் இல்லாமல் கொடுக்கலாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போகணும். செங்கல்பட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகும் வழியும் இருக்கிறது. அதற்குக் கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது இரண்டுதான்: பாலிசியில் காமிக்ஸ் என்று எழுதியிருக்கிறதா? சேதத்துக்கு முன் எடுத்த பட்டியல் இருக்கிறதா?

இன்சூரன்ஸ் காப்பாற்றாததை யார் காப்பாற்றுவது?

பணம் கிடைத்தாலும் 1972 பிரதி திரும்ப வராது. அதனால் பாலிசியோடு சேர்த்து வீட்டிலும் சில மாற்றங்கள் வேண்டும்.

தரையில் இருந்து இரண்டு மூன்று அடியாவது உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் அலமாரி இருக்கட்டும். கழிவறைச் சுவர், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே வேண்டாம். பிவிசி கவர் நாளடைவில் காகிதத்தோடு ஒட்டும். பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் கவர் நல்லது. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றலாம். வெயில் அடிக்கும் மாதங்களில் எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்துத் தூசி தட்டி, கரையான் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாலிசியில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. என் காமிக்ஸ் தொகுப்பு மதிப்புமிக்க பொருளாக, பட்டியலோடு, பாலிசியில் எழுதப்படுமா?
2. ஒப்புக்கொண்ட மதிப்பு எவ்வளவு? தனி இதழுக்கு உச்சவரம்பு உண்டா?
3. பாதி சேதமானால், அல்லது தொடரில் ஒரு இதழ் மட்டும் போனால் கணக்கு என்ன?
4. சாதாரண வீட்டுத் திருட்டு சேர்ந்திருக்கிறதா?
5. வீடு பூட்டியிருக்கும் நாட்களுக்கு என்ன நிபந்தனை?
6. புதிதாக வாங்கும் இதழை ஆண்டின் நடுவில் சேர்க்க முடியுமா?

பதில்களை மின்னஞ்சலில் வாங்குங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஏஜென்ட்டுக்கு போன் போட்டால், புதிய பாலிசி கொடுக்க நிறுவனம் தயங்கும். பட்டியல் எடுக்கவும் அப்போது நேரம் இருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. பட்டியல், படம், பாலிசி மூன்றும் செப்டம்பருக்குள் முடிந்திருப்பது நல்லது.